அடக்கம்: அடங்கியது யார், அடக்கியது யார்?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போய்ப் பேரம் பேசினால், கடைக்காரர் சீக்கிரமே அந்தச் சொல்லுக்கு வந்துவிடுவார்: "எனக்கு அடக்கமே முந்நூறு ஆவுதுக்கா, இதுல எங்க கொறைக்கிறது?" எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தால் அதிலும் அதே சொல்தான், முன்னால் ஒரு 'நல்' சேர்த்து: அன்னாரின் நல்லடக்கம் இன்று மாலை 4 மணிக்கு. சம்பந்தம் பேச வந்தவர்கள் "பொண்ணு ரொம்ப அடக்கம்" என்பார்கள். தெருமுனையில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால், ஒருவன் மற்றவனிடம் சொல்வது: "ஏய், அடங்கு."

அகராதியில் இவை தனித்தனி எண் போட்டு நிற்கும். அடியில் ஓடும் பொருள் என்னவோ ஒன்றுதான்: ஓர் எல்லைக்குள் கொள்வது. வாங்கின விலை, வண்டிக்கூலி, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் உள்ளே சேர்ந்தால் அது அடக்க விலை. வாடகைக்குள் தண்ணீர்க் காசும் அடங்கும். உள்ளங்கைக்குள் நிற்கிற போன் கைக்கு அடக்கமானது. மண்ணுக்குள் வைத்தால் நல்லடக்கம். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், அடக்கமான மனிதர் என்பவர் தன் எல்லைக்குள் நிற்பவர். சரி, அந்த எல்லையைக் கிழித்தது யார்? அவரேவா, வேறு யாராவதா? இந்தச் சொல்லை வைத்து நடக்கும் அத்தனை வம்பும் இங்கேதான் தொடங்குகிறது, அதற்கு இலக்கணமும் கொஞ்சம் உடந்தை.

தமிழில் பல வினைகள் ஜோடியாக வரும். திருந்து, திருத்து. முடங்கு, முடக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. அடங்கு, அடக்கு. முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது இன்னொருவர் செய்வது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதுதான். வினையாக இருக்கும்வரை குழப்பமில்லை. "அவன் அடங்கினான்" என்றால் அவன் செய்தது, "அவனை அடக்கினார்கள்" என்றால் மற்றவர்கள் செய்தது. பெயர்ச்சொல்லாக்கும்போதுதான் சிக்கல். தயங்கு என்பது தயக்கம் ஆகும், இரங்கு என்பது இரக்கம் ஆகும். அதே வழக்கப்படி அடங்கு என்பது அடக்கம் ஆகிறது. ஆனால் 'தயக்கு' என்றோ 'இரக்கு' என்றோ எதிரே ஒரு பிறவினை இன்றைய தமிழில் நிற்கவில்லை. ஆகவே தயக்கம் என்றால் தயங்கியவர் யார் என்பதில் சந்தேகமே வராது. அடக்கத்துக்கு எதிரே 'அடக்கு' நிற்கிறதே! காதில் விழும்போது அடங்கியதும் அடக்கியதும் ஒரே உருவத்தில் வந்து விழுகின்றன. ஒருவர் அடக்கமாக இருக்கிறார் என்று கேட்டால், அது அவர் குணமா, அவருக்கு நேர்ந்ததா என்று சொல்லை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு ஊரே சாட்சி சொல்லும் ஒரு சொல் இருக்கிறது. ஊரடங்கு. முன்பெல்லாம் 'ஊர் அடங்கின நேரம்' என்றால் கடை சாத்தி, சந்தடி ஓய்ந்து, எல்லாரும் படுத்துவிட்ட பின்னிரவு. ஊர் தானே அடங்கியது. அதே சொல்தான் அரசாணைக்கும் வந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு என்றார்கள். தொடக்க மாதங்களில் சென்னையிலேயே அதிகத் தொற்றாளர்கள் இருந்த மண்டலங்களில் ராயபுரம் முன்வரிசையில் இருந்தது. தினக்கூலிக்குப் போகிறவர்கள், மீன் ஏலத்துக்கு நிற்கிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் நிறைந்த பகுதி. அங்கே யாரும் தூக்கம் வந்து அடங்கவில்லை, தடுப்பு கட்டி நிறுத்தினார்கள். ஆனால் சொல்லில் எழுவாயாக நின்றது ஊர்தான். ஊர் அடங்கியதாம். அவசியமான நடவடிக்கைதானா என்பது வேறு விவாதம். உத்தரவு போட்டவர் சொல்லுக்குள் தட்டுப்படவே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

குறளில் 13ஆவது அதிகாரம் அடக்கமுடைமை. இதைத்தான் பள்ளிச் சுவரில் எழுதிவைத்துப் பிள்ளைகளைக் கை கட்டி உட்காரச் சொல்வார்கள். அந்தப் பத்துக் குறளையும் வரிசையாகப் படித்தால் ஒன்று தெரியும்: அதில் யாரும் யாரையும் அதட்டி அடக்குவதில்லை. நிலையில் திரியாது அடங்கியவனின் தோற்றம் மலையை விடப் பெரிது என்கிறார். அடக்கத்தைப் பொருளாகக் காக்கச் சொல்கிறார். பொருளைக் காப்பது உடையவன் வேலை. ஆமை போல் ஐந்தையும் அடக்கச் சொல்லும் குறளில் அடக்குகிறவனும் அவனே, அடங்குவதும் அவனுடைய புலன்களே. பணிதல் எல்லாருக்கும் நல்லது, அவர்களிலும் செல்வர்க்கே அது இன்னொரு செல்வம் என்று 125ஆவது குறள் சொல்கிறது. இதோடு மானம் அதிகாரத்தில் இருக்கும் 963ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்:

பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய
சுருக்கத்து வேண்டும் உயர்வு.

வசதி பெருகும்போது பணிவு வேண்டும், சுருங்கிப் போகும்போது நிமிர்வு வேண்டும். நம் நடைமுறை அப்படியே தலைகீழ். இருப்பவர் பணிந்தால் அது செய்தி, "எவ்ளோ பெரிய மனுஷன், எவ்ளோ அடக்கம் பாரு" என்று நாலு நாள் பேசுவார்கள். இல்லாதவர் பணிந்தால் அது கடமை, யாரும் கவனிப்பதுகூட இல்லை. அவர் நிமிர்ந்தால்தான் கவனிப்பார்கள். அப்போது கிடைக்கும் பெயர் திமிர்.

வடசென்னைக்காரர்களுக்கு இது ரொம்பவே பழக்கமான கணக்கு. வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு என்று முகவரி சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். 'அடங்காத பசங்க' என்ற முத்திரை முதலில் குத்தப்படும், பேச்சு அப்புறம்தான் ஆரம்பிக்கும். ஆகவே இந்தப் பக்கத்துப் பையன் வேலை கேட்டுப் போனால் கூடுதலாகக் கொஞ்சம் அடக்கம் காட்ட வேண்டியிருக்கிறது. தோளைக் குறுக்கி, குரலைக் குறைத்து, 'இன்னா' என்பதை 'என்ன' என்று மாற்றி. அந்த அறையில் அவனிடம் தெரிகிற அடக்கம் வள்ளுவர் சொன்னதல்ல என்று அவனுக்கும் தெரியும், கேள்வி கேட்கிறவருக்கும் தெரியும்.

பேச்சுத் தமிழ் இந்தக் குழப்பத்தைத் தன் வழியில் தீர்த்துவைத்திருக்கிறது. பெயர்ச்சொல்லில் மறைந்துபோகிற ஆளை, வினைக்குப் பின்னால் ஒட்டும் துணைவினை காட்டிக்கொடுத்துவிடும். "கோவம் வந்துச்சு, அடக்கிக்கினேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த 'கினேன்' எழுத்துத் தமிழின் 'கொண்டேன்'. செய்தவரும் அவரே, பலனும் அவருக்கே. வள்ளுவரின் அடக்கம் இன்றைக்கு உயிரோடு இருப்பது இந்த வடிவத்தில்தான். "அடங்கிப் போ" என்பது வேறு. கெட்டுப்போ, தோற்றுப்போ, உடைந்துபோ என்று இழப்பு வருகிற இடங்களில் ஒட்டுகிற 'போ' இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்கிறது. மாமியார் வீட்டிலிருந்து அழுதுகொண்டு வந்த மகளிடம் அம்மா சொல்வாள்: "இன்னாம்மா பண்றது, கொஞ்சம் அடங்கிப் போ." இது குணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. எதிர்த்தால் இன்னும் மோசமாகும் என்ற கணக்கு, அதைச் சொல்கிற அம்மாவுக்கும் வலிக்கிறது. மூன்றாவது, "அடக்கி வை". வைப்பது என்றால் பிறகு எடுப்பதற்கு. "உன் புள்ளய அடக்கி வை" என்று ஒருவர் வாசலில் வந்து கத்தினால், பிள்ளை பெற்றோரின் சாமான் போல ஆகிவிடுகிறான். நாலாவதாக மேளக்காரர்களிடமிருந்து வந்த "அடக்கி வாசி". சத்தத்தைக் குறைப்பது, ஆனால் வாசிப்பை நிறுத்தாமல். அரசியலில் இதைச் சொல்லும்போது ஆள் திருந்திவிட்டார் என்று யாரும் நினைப்பதில்லை.

ஆக, ஒருவர் அடங்கினார் என்று யாராவது சொன்னால் வாலைப் பிடித்துப் பார்க்கலாம்: கொண்டாரா, போனாரா, வைக்கப்பட்டாரா?

பெண்களிடம் வரும்போது இந்தச் சொல் தனியாக வருவதில்லை, ஒடுக்கத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அடக்க ஒடுக்கம். ஒடுங்கு, ஒடுக்கு என்ற ஜோடியிலும் அதே மயக்கம் இருப்பதால் இரட்டைப் பூட்டு. "அடக்க ஒடுக்கமா உக்காரு" என்றால் காலைச் சேர்த்து வை, குரலைக் குறை, சிரிப்பை மறை, இடத்தைக் குறைத்துக்கொள் என்று அர்த்தம். உடம்பின் பரப்பளவைக் குறைப்பதுதான் அதன் நேர்ப்பொருள். பையனைப் பற்றி 'அடக்கமான பையன்' என்று சொல்வதுண்டு, ஆனால் 'அடக்க ஒடுக்கமான பையன்' என்று சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார். அடங்காப்பிடாரியும் அப்படித்தான், பெரும்பாலும் பெண்ணைச் சொல்வது. பிடாரி ஊர் காக்கும் அம்மன். வடசென்னையில் ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றிக் கும்பிடுவதும் அம்மனைத்தான். அவள் அடங்காமல் இருப்பதால்தான் கும்பிடுகிறார்கள் என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இதே குடும்பத்துச் சொற்களில் பணிவை அடக்கத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். இரண்டுக்கும் ஒரு சுலபமான வித்தியாசம் உண்டு. பணிவுக்கு எதிரில் ஆள் வேண்டும், யாரிடம் பணிவு என்று கேட்க முடியும். அடக்கத்துக்கு ஆள் தேவையில்லை, தனியறையிலும் ஒருவர் அடக்கமாக இருக்கலாம். அதனால்தான் மனுக்களில் அடக்கம் வருவதே இல்லை. ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் மனுக்களைப் பாருங்கள். 'மிகவும் பணிவுடன்', 'தாழ்மையுடன்' என்றுதான் இருக்கும். 'அடக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒருவரும் எழுத மாட்டார்கள். (அந்தக் கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடிச் செங்கொடி ஏற்றியவரின் பெயரைத் தாங்கிய கட்டடத்துக்குள் தாழ்மையுடன் நுழைய வேண்டியிருக்கிறது.)

பம்முதல் இன்னொன்று. "இன்னா, இன்னிக்கு ரொம்ப பம்முற?" என்று கேட்டால், வழக்கத்துக்கு மாறாகப் பணிவு காட்டுகிறாய், ஏதோ தப்பு செய்திருக்கிறாய் அல்லது ஏதோ வேண்டும் என்று பொருள். பதுங்குதல் அதன் பழைய பொருள்களில் ஒன்று, பாய்ச்சலுக்கு முந்தைய நிலை. அமுக்கமான ஆள் என்றால் அடக்கம் போல வெளியே தெரியும், உள்ளே என்ன ஓடுகிறதென்று தெரியாது. இந்த மூன்றையும் வடசென்னையில் துல்லியமாகப் பிரித்துப் பேசுவார்கள். அடக்கமானவரை நம்புவார்கள், பம்முகிறவரைக் கிண்டல் செய்வார்கள், அமுக்கமானவரிடம் ஜாக்கிரதையாக இருப்பார்கள். மூதுரையில் ஔவையார் சொல்லும் கொக்கு இதில் எந்த வகை என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அடக்கம் உடையாரை அறிவிலர் என்று நினைத்துக் கடக்க வேண்டாம், ஓடுமீன் ஓட உறுமீன் வரும்வரை கொக்கு வாடி நிற்கும் என்கிற பாட்டு. மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சுத்தமான அமுக்கம்.

அவையடக்கம் என்று ஒன்று தனியாக இருக்கிறது, அது புலவர்களின் சமாச்சாரம். நூலைத் தொடங்கும் முன் சபைக்கு முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்வது; தொல்காப்பியத்திலேயே அவையடக்கியல் என்று பெயர் பெற்றுவிட்ட மரபு. பாற்கடலை முழுக்க நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை போல இராமன் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்றார் கம்பர், சொல்லிவிட்டுப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார். இன்றைய மேடைப் பேச்சாளர் "நான் ஒன்றும் பெரிய பேச்சாளன் இல்லை" என்று ஆரம்பித்தால் கூட்டம் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

இனி, எல்லை போட்டது யார் என்று வெளிப்படையாகக் கேட்ட இடத்துக்கு வருவோம். அதுவும் இந்த ஊரில்தான் நிறைய நடந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி. வாடியாவின் தலைமையில், திரு.வி.க. துணை நிற்க. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று நின்று சாப்பிடக்கூட நேரம் போதாத உணவு இடைவேளை. 1921இல் நீண்ட வேலைநிறுத்தம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, புளியந்தோப்புக் கலவரம். அடக்குமுறை என்ற சொல் தமிழ் மேடைகளில் இதுபோன்ற காலங்களில்தான் உரம் பெற்றது. அடக்கத்தோடு 'முறை' சேர்ந்தவுடன் மயக்கம் போய்விடுகிறது: அடக்குகிறவர் ஒருவர் இருக்கிறார், அதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார். அதே வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களை 'அடங்கிப் போனவர்கள்' என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது சுலபம். ஆலைக்கு வெளியே சேரியில் அவர்களை அடக்கியவர்கள் ஆலைக்குள் பக்கத்துத் தறியில் நின்றவர்களின் சொந்தக்காரர்களாகவும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வரி அவ்வளவு சுலபமாக வராது.

தமிழ் அரசியல் மொழி செய்த பெரிய வேலை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 'தாழ்ந்த சாதி' என்று புழங்கிய இடத்தில் 'தாழ்த்தப்பட்ட' என்று மாற்றினார்கள். தாழ்ந்தவர் என்றால் தானே தாழ்ந்தவர், குற்றம் யார் மேலும் இல்லை. தாழ்த்தப்பட்டவர் என்றவுடன், யார் தாழ்த்தியது என்ற கேள்வி வாக்கியத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒடுக்கப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் எல்லாம் அதே வார்ப்பு. தன்வினையைப் பிறவினையாக்கிய ஒரு சின்ன இலக்கணத் திருப்பம், சட்டப் புத்தகம்வரை போய்விட்டது. அடக்கத்துக்கு மட்டும் அந்தத் திருப்பம் கிடைக்கவில்லை. 'அடக்கப்பட்ட பெண்' என்று பெண் பார்க்கும் இடத்தில் யாரும் சொல்வதில்லை, 'அடக்கமான பெண்' என்றே சொல்கிறார்கள்.

1990களில் விடுதலைச் சிறுத்தைகள் வைத்த முழக்கம் இந்தப் பின்னணியில் இன்னும் கூர்மையாகத் தெரியும்: 'அடங்க மறு, அத்துமீறு'. 'அடக்குமுறையை எதிர்ப்போம்' என்றால் அடக்குகிறவனைப் பற்றிய பேச்சு. 'அடங்க மறு' என்பது தன்வினை. அடங்குவது என் கையில் இருக்கிறது, ஆகவே மறுப்பதும் என் கையில். அடுத்த சொல்லான அத்துக்கு எல்லை என்றுதான் பொருள். எம்.சி. ரோட்டு வியாபாரியின் கணக்கிலும் குறளிலும் ஓடுகிற அதே எல்லை.

மூலக்கொத்தளம் மயானத்தில் நடராசனும் தாளமுத்துவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை போய், 1939 ஜனவரியிலும் மார்ச்சிலும் இறந்தவர்கள். மன்னிப்புக் கேட்டால் விடுதலை என்றபோது நடராசன் மறுத்துவிட்டார் என்பது அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் சொல்வது. அடங்க மறுத்தவருக்கும் கடைசியில் இந்தச் சொல்தான். சாவு விஷயத்தில் இது சாதி மதம் பார்ப்பதில்லை. கிறிஸ்தவர்களுக்கு அடக்க ஆராதனை, முஸ்லிம்களுக்கு நல்லடக்கம், புதைக்கும் வழக்கமுள்ள இந்துக்களுக்கும் அதேதான். ஆனால் வடசென்னையில் அடக்கத்துக்கு முந்தைய இரவு மாதிரி அடங்காத இரவு வேறு இல்லை. மேளம், விடியவிடிய மரண கானா, தெரு முழுக்க நாற்காலி.

ஞானிகளுக்கு வரும்போது சொல் மறுபடி தன்வினைக்குத் திரும்பிவிடுகிறது. அவர்களை யாரும் அடக்கம் 'செய்வதில்லை', அவர்களே அடங்குகிறார்கள். திருவொற்றியூர் கடலோரத்தில் இருப்பது பட்டினத்தார் அடங்கிய இடம். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து வடசென்னையில் அடங்கியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தண்டையார்பேட்டை என்பதே தொண்டியார் பேட்டைதான் என்று அங்கே சொல்வார்கள். எளிய மனிதருக்கு 'செய்யப்பட்டது', பெரியவருக்கு 'அடங்கினார்'. உயிரோடு இருக்கும்போது மட்டுமல்லாமல் போன பிறகும் யாருக்கு எந்த வினை என்பதில் மொழி கணக்காகத்தான் இருக்கிறது.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இதில் ஒரு சேட்டை செய்திருக்கிறார்கள். ஒருத்தன் ஓவராகப் பெருமை பேசினால் நண்பர்கள் சிரித்துக்கொண்டே "அடங்குடா" என்கிறார்கள். தங்கை அண்ணனிடம் "அண்ணா, அடங்குண்ணா" என்கிறாள். சண்டையில் வரும் 'அடங்கு' எப்போதும் ஒருமைதான். யாரும் கோபத்தில் "அடங்குங்க" என்று மரியாதை சேர்த்துச் சொல்வதில்லை. மரியாதை சேர்ந்தால் அது கேலி ஆகிவிடும். மேலே இருப்பவர் கீழே பார்த்துச் சொன்ன சொல்லை, சமமானவர்கள் ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடுகிறார்கள். மேலதிகாரியிடம் இதைச் சொல்லிப் பார்த்தவர் மட்டும் இன்னும் யாரும் இல்லை.